புதுப்பிப்பு: பத்தமடைப் பாய் வடிவச் செயலியில் இரு விரல் தொடுகை

பத்தமடைக் கோரைப்பாய்களின் கரை வடிவங்களைத் திரையில் அமைக்கும் செயலியை ஃப்ளட்டரில் (கைப்பேசிச் செயலிகளை உருவாக்கும் கருவித்தொகுப்பு) எழுதும்போது, ஒரு விரலால் வடிவத்திலுள்ள பூவை நகர்த்துவதையும் இரு விரல்களால் படத்தைப் பெரிதாக்குவதையும் எவ்வாறு பிரிப்பது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்; அதற்கு வழி கிடைத்துவிட்டது. ஃப்ளட்டரில் தொடுகைகளை உணரும் பகுதியான ஜெஸ்சர் டிடெக்டரில் பேன் (இழுத்தல்), ஸ்கேல் (அளவு மாற்றுதல்) இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பிழைச்செய்தி வரும், ஏனெனில் ஒரு விரல் இழுப்பும் ஸ்கேலுக்குள் அடக்கம். ஆகவே ஸ்கேலை மட்டும் வைத்து, அது தரும் பாயின்டர் எண்ணிக்கை (திரையைத் தொடும் விரல்களின் எண்ணிக்கை) 1 எனில் பூ நகரவும், 2 எனில் படம் பெரிதாகவும் எழுதியுள்ளேன். நடுவில் விரல் கூடினாலும் குறைந்தாலும் பழைய சைகை முடிந்து புதியது தொடங்குவதால், ஒவ்வொரு தொடக்கத்திலும் படத்தின் அப்போதைய அளவைக் குறித்துக்கொள்வது மிக அவசியம். இல்லையெனில் படம் துள்ளும். எமுலேட்டரில் (கணினியில் இயங்கும் போலிக் கைப்பேசி) மட்டும் பார்த்து நிறைவடையாமல், பாய் நெய்யும் அம்மாக்களின் கைப்பேசிகளிலேயே சோதிப்பதே முறை என்று உறுதியாகக் கருதுகிறேன்.