மூன்று தொகுதி மீனுக்கு என்ன பெயர்?
(மடற்குழு உரையாடல். எழுதுபவர்கள் ஊர்ப் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

மன்னார்குடி:
அன்பர்களுக்கு வணக்கம். மீன் வளர்ப்போருக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அமெரிக்காவில் 2015இல் அனுமதி பெற்ற, மரபணு மாற்றிய சால்மன் மீனைப் பற்றி ஒரு பக்கம் வருகிறது. ‘டிரிப்ளாய்டு’ (வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோம் உள்ளது) வரும் இடத்தில் ‘மலட்டு மரபணு மீன்’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

நாகப்பட்டினம்:
பொருந்தாது ஐயா. அந்த மீனில் நடந்தவை இரண்டு வேலைகள். சினூக் என்ற வேறொரு சால்மன் இனத்தின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவை அட்லாண்டிக் சால்மனில் சேர்த்தார்கள். சீக்கிரம் வளர்வது அதனால். மலடாவது வேறு வழியில். கருவுற்ற சிறிது நேரத்தில் முட்டையை உயர் அழுத்தத்தில் வைத்தால், வெளியேற வேண்டிய ஒரு தொகுதி குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை) உள்ளேயே தங்கிவிடும். இரண்டு தொகுதி மூன்றாகிவிடும். அப்படி ஆன மீன் இனம் பெருகாது. மரபணு மாற்றாத டிரவுட் மீனையும் இப்படி வளர்க்கிறார்கள். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஏற்கெனவே நம் பக்கம் கிஃப்ட் என்ற ஜிலேபி மீனையே ‘மரபணு மீன்’ என்கிறார்கள். அது தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்துப் பெருக்கிய இனம். மூன்று தொகுதி என்பதால் ‘மும்மடிய மீன்’ என்று போடுங்கள்.

கும்பகோணம்:
‘மும்மடியம்’ என்றால் மூன்று மடங்கு எடை என்றல்லவா நினைப்பார்கள்! நம்மிடம் சினை இருக்கிறதே. ‘சினைச் சுறவின் கோடு நட்டு’ (சினைச் சுறாவின் கொம்பை நட்டு) என்று பட்டினப்பாலை சொல்வது நம் பூம்புகார்ப் பரதவரின் வழிபாட்டை. மீன் கடையில் இன்றும் ‘செனை இருக்கா?’ என்றுதான் கேட்கிறோம். மரக்கிளையும் சினை, இலக்கணத்தில் உறுப்பும் சினை. கிளைக்காதது சினையிலி. ஆகவே ‘சினையிலி மீன்’. ‘மலடு’ அறவே வேண்டாம். பெண்களை வைவதற்கே பயன்பட்ட சொல்.

நாகப்பட்டினம்:
‘மலடு’ வேண்டாம் என்பதில் உடன்படுகிறேன். ஆனால் ஆண் மீனும் சினையிலிதானே? பருவம் தப்பிய பெண் மீனும் அப்படித்தான். மும்மடிய ஆணுக்கு விந்துப்பை வளர்வதும் உண்டு. சொல் அழகாக இருக்கிறது, ஆனால் இங்கே தவறான பொருள் தரும்.

வேதாரண்யம்:
குளத்தில் குஞ்சு விடுகிறவருக்கு இரண்டும் விளங்காது. ‘இனம் பெருகாத மீன்’ என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் போங்கள்.

மன்னார்குடி:
இரவு வரை வந்த மடல்களில் நால்வர் ‘மும்மடிய மீன்’ பக்கம். தலைப்பில் அதையும், முதல் வரியில் ‘இனம் பெருகாத’ என்ற விளக்கத்தையும் வைக்கிறேன். மரபணு சேர்த்த செய்தி தனிப் பத்தியாக வரும்.

கும்பகோணம்:
நான் உடன்படவில்லை. ‘மடி’ என்றால் சோம்பலும்தான். திருக்குறளில் ‘மடியின்மை’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அடுத்த பதிப்பிலாவது சினையிலியைப் பரிசீலியுங்கள்.