கறள் பிடித்த வண்டி கொடுத்த நான்கு சில்லு இயக்கம்: சில அனுபவங்கள்

ரொறன்ரோவிலிருந்து

ஒன்ராறியோவில் பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இயந்திரம் பழுதாகி வண்டியைக் கைவிடுவதில்லை. பனிக்காலத்தில் வீதியில் கொட்டுகிற உப்பு அடித்தட்டைத் தின்றுவிடுவதால்தான் கைவிடுகிறார்கள். என்னுடைய 1997ஆம் ஆண்டு ஜீப் செரோக்கியும் அப்படித்தான் போனது. அதன் நான்கு லீற்றர் இயந்திரம் முதல் திருப்பிலேயே இயங்கும், நான்கு சில்லு இயக்கத்திலும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் சாரதி இருக்கைக்கு முன்னால் கிடந்த கால்விரிப்பைத் தூக்கினால் வீதி தெரிந்தது. இந்த வண்டிக்குத் தனியான சேசிஸ் கிடையாது. அடித்தண்டுகள் உடலோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டவை. அவை உக்கிப்போனால் தகடு ஒட்டிச் சில காலம் தள்ளலாமே தவிர, உடலைத் தூக்கி வேறொரு சேசிஸில் வைக்க வழியில்லை.

அந்த நாட்களில் ரெக்சாஸில் இருக்கும் உறவினர் ஒருவர் தன் அயலில் விற்பனைக்கு நின்ற 1998ஆம் ஆண்டுச் செரோக்கியின் படங்களை அனுப்பினார். அடிப்பக்கத்தில் தொழிற்சாலை வர்ணம் அப்படியே இருந்தது. அதே இயந்திரம், அதே தானியங்கி கியர்பெட்டி; ஒரே குறை, பின் சில்லுகள் மட்டுமே இழுக்கும் வண்டி. பதினைந்து ஆண்டுகளைக் கடந்த வாகனங்களைக் கனடாவுக்குள் கொண்டுவருவது புதியவற்றைக் கொண்டுவருவதைவிட இலகு என்பதால் வாங்கிவிட்டேன். நல்ல உடலும் கெட்ட உடலும் ஒரே கராஜில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இரு சில்லு வண்டியை நான்கு சில்லு இயக்கத்துக்கு மாற்றலாமா என்று இங்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாற்ற வேண்டிய உடல் அவ்வளவு அருமையானதாகவும், பாகம் தரும் வண்டி முழுமையாக உங்கள் கண் முன்னால் நிற்பதாகவும் இருந்தால் மட்டுமே இந்த வேலையில் இறங்குங்கள். இல்லாவிட்டால் இருப்பதை விற்றுவிட்டு, நான்கு சில்லு இயக்கத்தோடு வந்த ஒன்றை வாங்குவதுதான் மலிவு.

1984 முதல் 2001 வரை வெளிவந்த இந்தச் செரோக்கி வகையில் இந்த மாற்றம் சாத்தியமாவதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இரு சில்லு வண்டியிலும் முன்பக்கம் குறுக்காக ஒரு திடமான அச்சுத்தான் இருக்கிறது. இரு சில்லு வண்டியில் அது வெறும் குழாய். நான்கு சில்லு வண்டியில் அது டேனா 30 என்ற, சில்லுகளுக்கு விசையைக் கொண்டுபோகும் ஆக்சில். சுருள்வில் அமரும் இடமும், அச்சைப் பிடித்திருக்கும் நான்கு இணைப்புக் கைகளின் துளைகளும் இரண்டுக்கும் பொது. ஆகவே முன் ஆக்சிலை மாற்றுவது வெறும் போல்ட் வேலைதான். நானும் நண்பர் ஒருவரும் ஒரு சனிக்கிழமைப் பின்னேரத்தில் முடித்துவிட்டோம்.

கியர்பெட்டியில்தான் முதுகு முறிந்தது. ஐசின் வார்னர் நிறுவனத்தின் ஏடபிள்யூ4 கியர்பெட்டி வெளித்தோற்றத்தில் ஒன்றாக இருந்தாலும், அதன் வெளியேறு தண்டும் வால்பகுதி உறையும் இரு வகைகளிலும் வேறு. தண்டை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் கியர்பெட்டியை முழுவதும் பிரித்தாக வேண்டும். அதற்குப் பதிலாகப் பழைய வண்டியின் கியர்பெட்டியை, அதன் பின்னால் பொருந்தியிருந்த, விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் என்பி231 ட்ரான்ஸ்பர் கேஸுடன் அப்படியே இடம் மாற்றினோம். கியர்பெட்டியை இயந்திரத்தோடு பிணைக்கும் மேல் போல்ட்டுகள் இரண்டும் ஈ12 என்ற நட்சத்திரத் தலை கொண்டவை. அவற்றைக் கண்ணால் பார்க்கவும் முடியாது, கை எட்டவும் எட்டாது. கியர்பெட்டியின் வாலைத் தாழ்த்தி, நீட்டிப்புக் குழல்களை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி, ஆள் உயரத்துக்கு நீண்ட அந்தக் கோலின் மறுமுனையிலிருந்து திருக வேண்டும். அதற்கு முன்பே, மேற்புறம் செருகியிருக்கும், இயந்திரத் தண்டின் சுழற்சியை அறியும் கிராங்க் நிலையறி உணரியைக் கழற்றிவிடுங்கள். மறந்து கியர்பெட்டியை இழுத்தால் அது நசுங்கிவிடும்.

திரும்பப் பூட்டும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. இயந்திரத்தின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பெட்டிக்குக் கடத்தும் டோர்க் கன்வேட்டரைத் தண்டில் நுழைத்துத் திருப்பித் திருப்பி உள்ளே தள்ளினால், ‘டக்’கென்று படிப்படியாக இறங்கும். கடைசிப் படி இறங்காமலே போல்ட்டை முறுக்கி இயந்திரத்தோடு இழுத்தால், உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பம்ப் உடைந்துவிடும். கியர்பெட்டியின் முகம் இயந்திரத்தோடு இடைவெளியின்றிப் பொருந்திய பிறகும் கன்வேட்டர் கையால் சுழல்கிறதா என்று பார்த்த பின்பே முறுக்கத் தொடங்குங்கள். முதல் முறை எங்களுக்கு ஒரு விரற்கடை இடைவெளி மிஞ்சியது. போல்ட்டால் இழுத்துவிடலாம் என்று நண்பர் சொன்னார். நல்ல வேளையாக இருவருமே களைத்துப்போயிருந்தோம், தேநீர் குடிக்கப் போய்விட்டோம்.

பலர் கவனிக்காமல் விடுவது முன், பின் ஆக்சில்களின் பல் விகிதம், அதாவது சில்லு ஒரு சுற்றுப் போக அதற்கு வரும் தண்டு எத்தனை சுற்றுப் போக வேண்டும் என்ற கணக்கு. நான்கு சில்லு இயக்கத்தைப் போட்டவுடன் ட்ரான்ஸ்பர் கேஸ் முன் ஆக்சிலுக்குப் போகும் தண்டையும் பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுகிறது. இரு ஆக்சில்களிலும் விகிதம் வேறாக இருந்தால் ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டே இருக்கும். ரயரோ ட்ரான்ஸ்பர் கேஸின் சங்கிலியோ பற்களோ, எது முதலில் தோற்கிறதோ அது போகும். தானியங்கிக் கியர்பெட்டி உள்ள நான்கு லீற்றர் செரோக்கிகளில் வழக்கமாக வருவது 3.55 என்பதால், ரெக்சாஸ் வண்டியின் பின் ஆக்சிலை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றே நினைத்திருந்தேன். ஆக்சிலின் மூடியில் இருக்க வேண்டிய விகிதத் தகட்டைக் காணாததால் சோக்கட்டியை எடுத்தேன். ஒரு பின் சில்லைத் தரையில் விட்டு மற்றதைத் தூக்கி, ரயரில் ஒரு கோடும் தண்டில் ஒரு கோடும் போட்டு, தூக்கிய சில்லை இருபது முறை சுற்றினேன். ஒரு சில்லு நிலையாக நிற்கும்போது, சுற்றும் சில்லு இரண்டு சுற்றுப் போனால்தான் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுண் என்ற பெரிய பல்சக்கரம் ஒரு சுற்றுப் போகும், எனவே 3.55 ஆக இருந்தால் தண்டு முப்பத்தைந்தரைச் சுற்றில் நிற்க வேண்டும். என் தண்டு முப்பத்தேழைத் தாண்டிய பிறகே நின்றது. எண்ணிக்கை பிசகிவிட்டதோ என்று நண்பரைக் கொண்டு மறுபடியும் எண்ணினேன், அதே விடைதான். அது 3.73: பாரம் இழுக்கும் வசதியோடு வாங்கப்பட்ட வண்டிகளுக்குக் கொடுக்கப்பட்டது. முன்னைய உரிமையாளர் படகு இழுத்தவர் என்பதை வண்டியின் பின்னால் இருந்த கொளுவியே சொல்லியிருந்தும் நான் கவனிக்கவில்லை. இரண்டே சுற்றுச் சுற்றிவிட்டு ‘மூன்றரைக்குக் கொஞ்சம் மேல்’ என்று முடிவு கட்டியிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன்.

ஆகவே பின் ஆக்சிலும் பழைய வண்டியிலிருந்தே வந்தது. ட்ரான்ஸ்பர் கேஸ் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் பின் தண்டு குட்டையாக இருக்க வேண்டும். அதுவும், முன் தண்டும், கியர்பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் அங்கிருந்தே வந்தன. வேகமானிக்குத் தகவல் அனுப்பும் சிறு பல்சக்கரம் ட்ரான்ஸ்பர் கேஸிலேயே இருப்பதாலும், ஆக்சிலும் ரயர் அளவும் பழையபடியே இருந்ததாலும் வேகம் சரியாகக் காட்டியது. நான்கு சில்லு இயக்கத்துக்கான விளக்கு என் மானிப்பலகையில் இல்லை. பழைய பலகையை மாற்றிப் பொருத்தியிருக்கலாம். ஆனால் அதோடு ஓடிய தூரமும் மாறிவிடும். விளக்கு இல்லாமலே ஓட்டுகிறேன்.

ஒரு விபத்து மயிரிழையில் தப்பியது. ஒன்ராறியோவின் ஹலிபேர்ட்டன் பக்கம் சரளைக் கல் ஏற்றமொன்றில், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தாழ் விகிதத்தை முதன்முதலாகப் போட்டு ஏறினேன். நடுவில் ஒரு குலுக்கல். ட்ரான்ஸ்பர் கேஸின் நெம்புகோல் தானாகவே நியூட்ரலுக்கு விலகியது, வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியது. பதற்றத்தில் பிரேக்குக்கு முன்பாகக் கை கியரைத் தேடியது. ‘பார்க்’கில் தள்ளினேன், வண்டி நிற்கவில்லை. ட்ரான்ஸ்பர் கேஸ் நியூட்ரலில் இருக்கும்போது கியர்பெட்டிக்கும் சில்லுகளுக்கும் தொடர்பே இல்லாததால் ‘பார்க்’ பூட்டு எதையும் பிடிப்பதில்லை. கைபிரேக்கை இழுத்த பிறகே நின்றது. நெம்புகோலிலிருந்து ட்ரான்ஸ்பர் கேஸுக்குப் போகும் இணைப்புக் கம்பியை நாங்கள் ஒரு சில மில்லிமீற்றர் குறைவாகச் சீர்செய்திருந்ததால், உள்ளே பற்கள் முழுமையாகக் கோத்திருக்கவில்லை. கம்பியின் திருகைத் தளர்த்தி, ட்ரான்ஸ்பர் கேஸைக் கையாலேயே தாழ் விகிதத்தின் கடைசி வரை தள்ளி வைத்து, அந்த நிலையில் முறுக்கிய பின் இன்றுவரை விலகவில்லை.

மூன்று வார இறுதிகளில் முடிப்பதாகத் திட்டம், பதினொன்று ஆனது. பழைய வண்டியைக் கடைசி நாள் வரை ஸ்கிராப்புக்கு அனுப்பாதீர்கள். எட்டாம் வாரத்திலும் ஒரு வளைந்த பிடிதகட்டுக்காகவும் இரண்டு போல்ட்டுகளுக்காகவும் அதற்குக் கீழே படுத்திருக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து

அண்ணாவின் பகிர்வைப் படித்தபோது, முயன்று பாதியில் நிறுத்திய என் கதையையும் சொல்லத் தோன்றியது. என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மஹிந்திரா ஸ்கார்பியோ, இரண்டு சக்கர இயக்கம். வால்பாறைப் பக்கம் உறவினர் தோட்டத்துக்குப் போகும் மண் பாதையில் மழைக்காலத்தில் சிக்கிக்கொள்வேன். விபத்தில் பின்பக்கம் நொறுங்கிய ஃபோர் வீல் ஸ்கார்பியோ ஒன்று விலைக்கு வந்ததும், அதை வாங்கிப் பாகங்களை மாற்றிவிடலாம் என்று எண்ணினேன். முன்பணம் கொடுப்பதற்கு முன் என் மெக்கானிக் இரண்டு வண்டிகளுக்கும் கீழே என்னை அழைத்துப் போய்க் காட்டினார். என் வண்டியின் முன்பக்கத்தில் சுருள்வில். அந்த வண்டியில் அந்த இடத்தில் சக்கரத்துக்குப் போகும் தண்டு இருப்பதால், சேசிஸ் ஓரமாக நீளவாக்கில் ஓடும் டார்ஷன் பார், அதாவது முறுக்கேறி வில்லாக வேலை செய்யும் கம்பி. ‘முன்பக்கத்தை வெட்டி ஒட்டணும் சார். ஒட்டித் தரேன், ஆனா அந்த வண்டியில நான் ஏற மாட்டேன்’ என்றார். அவ்வளவு நேர்மையான மதிப்பீட்டை நான் வேறெங்கும் பெற்றதில்லை.

அவர் சம்மதித்திருந்தாலும் சட்டம் குறுக்கே நின்றிருக்கும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அனுமதி இல்லாத மாற்றத்தோடு விபத்து ஏதேனும் நேர்ந்தால் காப்பீட்டுத் தொகைக்கும் அலைய நேரிடும். நான் டயரை மட்டும் மாற்றிக்கொண்டு, மழை வலுத்தால் வண்டியைத் தார்ச் சாலையிலேயே நிறுத்திவிட்டுத் தோட்டத்து ஜீப்பில் போகிறேன்.

ஹூஸ்டனிலிருந்து

என்னிடம் இருந்தது இரண்டு சக்கர இயக்கம் கொண்ட ஷெவர்லே எஸ்10 பிளேசர். கோவை நண்பர் சொன்ன அதே கதைதான்: இரண்டு சக்கர வண்டிக்குச் சுருள்வில், நான்கு சக்கர வண்டிக்கு டார்ஷன் பார், சேசிஸும் வேறு. கணக்குப் போட ஒரு மாலை போதுமாக இருந்தது. விற்றுவிட்டேன்.

கூடலூரிலிருந்து

முன்பக்கத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். எங்களைப் படுத்தியது பின்பக்கம். அப்பா பல ஆண்டுகளுக்கு முன் தம் இரண்டு சக்கர மஹிந்திரா ஜீப்பை, ராணுவம் கழித்துவிட்ட ஜீப் ஒன்றின் பாகங்களைக் கொண்டு மாற்றினார். பழைய அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த ஜீப்புகளில் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின்னால் போகும் தண்டு வண்டியின் நடுவில் போவதில்லை, வலப்பக்கம் ஒதுங்கிப் போகும். அதற்கேற்பப் பின் ஆக்சிலின் கிரவுன் ஹவுசிங்கும் வலப்பக்கம் ஒதுங்கியே இருக்கும். எங்கள் இரண்டு சக்கர வண்டியிலோ ஹவுசிங் நடுவில் இருந்தது. பட்டறைக்காரர் செலவு மிச்சம் என்று பின் ஆக்சிலை மாற்றாமல், தண்டைக் கோணலாகவே மாட்டிக் கொடுத்துவிட்டார். தண்டின் முனையை இணைக்கும் கிராஸ் ஜாயிண்ட் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை போகும். வண்டி தூரத்தில் வரும்போதே அந்த முனகல் கேட்கும். அம்மா அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிடுவார். கடைசியில் ராணுவ ஜீப்பின் பின் ஆக்சிலையே தேடிப் பிடித்து மாட்டியதும் முனகல் நின்றது. ஆகவே ரொறன்ரோ அண்ணன் இரண்டு ஆக்சில்களையும் ஒரே வண்டியிலிருந்து எடுத்ததுதான் சரி.

ஒரு சந்தேகம்: பதிவிலும் காப்பீட்டிலும் உங்கள் வண்டி இப்போது என்னவாக இருக்கிறது?

ரொறன்ரோவிலிருந்து

தம்பி, காப்பீட்டு நிறுவனத்துக்கு நடந்ததை எழுத்தில் தெரிவித்து, அவர்கள் ஏற்றுக்கொண்ட பதிலைக் கோப்பில் வைத்திருக்கிறேன். சேசிஸ் இலக்கத்தை மட்டும் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. செரோக்கியில் அந்த இலக்கத்தின் ஐந்தாம் எழுத்து ‘ஜே’ (J) என்றால் நான்கு சில்லு, ‘டி’ (T) என்றால் இரு சில்லு. என் வண்டி என்றைக்கும் ‘டி’தான். போன மாதம் முன் ஆக்சிலுக்கு யு ஜாயிண்ட் (நீங்கள் சொல்லும் கிராஸ் ஜாயிண்ட்தான்) வாங்கப் போனபோது, கடையில் இருந்த பையன் கணினியில் இலக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் வண்டிக்கு அப்படி ஒரு பாகமே இல்லை என்றான். வெளியே வந்து கீழே குனிந்து பார் என்று அழைக்கலாம். ஒவ்வொரு முறையும் அழைக்க முடியாது. ஆதலால் ஸ்கிராப்புக்குப் போன பழைய ஜீப்பின் இலக்கத்தை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி முன்பெட்டியில் வைத்திருக்கிறேன். முன்பக்கத்துக்கோ கியர்பெட்டிக்கோ பாகம் வேண்டுமென்றால் அதைக் காட்டுவேன். கதவுக்கோ கண்ணாடிக்கோ என்றால் இதன் இலக்கத்தைச் சொல்வேன்.