வயது 5, 9, 14: ஒரே ஞாயிறு வாசகத்தை மூன்று பேரோடும் எப்படிப் பேசுவது?

மூவரின் அம்மா:

மூத்தவனுக்கு 14, நடுவில் பெண்ணுக்கு 9, கடைக்குட்டிக்கு 5. ஞாயிறு நற்செய்தியைச் சனிக்கிழமை ராத்திரியே வீட்டில் வாசித்து, கொஞ்ச நேரம் அதைப் பற்றிப் பேசலாம் என்று நானும் கணவரும் ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. உண்மையைச் சொன்னால் ஆறு வாரமும் சொதப்பல்தான். சின்னவனுக்காகக் கதை மாதிரி சொன்னால் பெரியவன் கூரையைப் பார்க்கிறான். பெரியவனுக்காக "இதிலிருந்து என்ன புரிந்துகொண்டாய்?" என்று கேட்டால், "கடவுளை நம்பணும்" என்று எந்த வாசகத்துக்கும் பொருந்துகிற ஒரு பதிலை நீட்டிவிட்டு எழுந்து போகப் பார்க்கிறான். பெண் ஒழுங்காகப் பதில் சொல்வாள், ஆனால் அது மறைக்கல்வி வகுப்பில் மார்க் வாங்குகிற பதில், அவளுடைய பதில் இல்லை என்று எனக்கே தெரிகிறது. சின்னவனுக்கோ மெழுகுவர்த்தியை எப்போது ஊதி அணைக்கலாம் என்பதில்தான் கண்.

போன வாரம் மாற்கு 4, படகில் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த இயேசு எழுந்து புயலை அடக்குகிற பகுதி. "நம் வாழ்க்கையிலும் புயல் வரும் இல்லையா..." என்று நான் தொடங்கினதுமே சின்னவன் குறுக்கே புகுந்து, "அந்தத் தலையணை நனைஞ்சுதா?" என்றான். எனக்குச் சுர்ரென்று வந்தது. "அதெல்லாம் இப்போ முக்கியமில்லை" என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் சுருங்கிப்போனது. அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

மூன்று பேருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டுமா? சின்னவனுக்குப் படம் போட்ட சிறுவர் விவிலியம் மட்டும் போதுமா? ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போனது மாதிரி வாசகங்கள் வந்தால் தாண்டிவிடலாமா?

மறைக்கல்வி டீச்சர்:

சகோதரி, முதலில் அந்தத் தலையணைக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் ஐந்து பேரில் அன்றைக்கு வாசகத்தை ஒழுங்காகக் கேட்டவன் அவன் ஒருவன்தான். இதே நிகழ்ச்சி மத்தேயு 8-இலும் லூக்கா 8-இலும் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள், இரண்டிலும் தலையணை கிடையாது. மாற்கு மட்டும்தான் அதை எழுதியிருக்கிறார். அதற்கு முந்தின வசனத்தில் அலைகள் படகுக்குள் அடித்து, படகு தண்ணீரால் நிரம்பிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் தலையணை நனைந்திருக்கத்தானே வேண்டும்? நனைந்த தலையணையில் ஒருவர் எப்படித் தூங்கினார்? சீடர்களும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்கிறார்கள், "நாங்கள் சாகப்போகிறோமே, உமக்குக் கவலையே இல்லையா?" என்று. உங்கள் பையன் வாசகத்தின் மையத்துக்கு இரண்டே அடி தூரத்தில் நின்றிருக்கிறான். நீங்கள்தான் "நம் வாழ்க்கையின் புயல்" என்று வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நானும் பல வருஷம் அதைத்தான் செய்தேன்.

"என்ன புரிந்துகொண்டாய்", "என்ன கற்றுக்கொண்டாய்" என்பதெல்லாம் பரீட்சைக் கேள்வி. அதற்குப் பரீட்சைப் பதில்தான் கிடைக்கும். நான் இப்போது கேட்பதெல்லாம் "நீ அந்த இடத்தில் எங்கே நின்றிருப்பாய்?", "யார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாய்?" மாதிரிக் கேள்விகள்தான். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் பெரியவர்களுக்கே இதைத்தான் சொல்லிக்கொடுத்தார். கிறிஸ்து பிறப்பைத் தியானிக்கும்போது நாசரேத்திலிருந்து பெத்லகேம் போகும் பாதை எவ்வளவு நீளம், சமதரையா மேடுபள்ளமா, அந்தக் குகை உயரமானதா தாழ்வானதா என்று மனக்கண்ணால் பார்க்கச் சொல்கிறார். ஒரு துறவிக்குக் குகையின் உயரம் முக்கியம் என்றால் உங்கள் பையனுக்குத் தலையணை முக்கியம்.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். நான் மனதுக்குள் இருபது வரை எண்ணுவேன். பன்னிரண்டு வரும்போதே பதில் சொல்லிக்கொடுக்க நாக்கு துறுதுறுக்கும்.

மூன்று பேருக்கும் ஒரே வாசகம் போதும், ஆனால் மூன்று பேரிடமும் ஒரே மாதிரி எதிர்பார்க்காதீர்கள். ஐந்து வயசுக்கு ஒரே ஒரு காட்சி, அதைக் கையால் செய்யணும். 1954-இல் ரோமில் சோஃபியா கவல்லெட்டி என்ற விவிலிய அறிஞர் மாண்டிசோரி முறையில் குழந்தைகளோடு மறைக்கல்வியைத் தொடங்கினார். மரத்தில் செய்த சின்ன ஆடுகள், ஒரு மேய்ப்பர், ஒரு தொழுவம், அவ்வளவுதான், குழந்தைகள் அதை நகர்த்தி நகர்த்தி நல்ல ஆயன் உவமையைத் தாங்களே திரும்பச் செய்வார்கள். "அந்த ஆடு நீதான்" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது, அதை அவர்களாகவே கண்டுபிடிக்க விடணும். ஒன்பது வயசுக்காரிக்கு எண்ணிக்கை, தூரம், யார் முதலில் வந்தார்கள் மாதிரி விவரங்கள் பிடிக்கும், விடுங்கள், தேடட்டும். பெரியவனிடம் மட்டும் முதலில் கேட்காதீர்கள், தம்பி தங்கை முன்னால் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். வாசிக்கிற வேலையை அவனிடம் கொடுங்கள். கடைசியில் அவனாக ஏதாவது சொன்னால் சரி, சொல்லாவிட்டாலும் சரி.

திராட்சைத் தோட்டம்:

டீச்சர் சொன்னதில் அந்த இருபது எண்ணுவது நூற்றுக்கு நூறு உண்மை. என்னுடைய தோல்விக்கதை ஒன்று சொல்கிறேன். போன வருஷம் மத்தேயு 20, திராட்சைத் தோட்ட வேலையாட்கள். விடியற்காலை வந்தவனுக்கும் ஒரு தெனாரியம் (அன்றைய ஒரு நாள் கூலி), சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரு தெனாரியம். என் பத்து வயசுப் பையன் காகிதம் எடுத்து 6, 9, 12, 3, 5 என்று மணியெல்லாம் எழுதிக் கூட்டி, முதல் ஆள் 12 மணி நேரம், கடைசி ஆள் ஒரே மணி நேரம், இது பச்சை அநியாயம் என்று சொல்லிவிட்டான். பதினைந்து வயசு அக்காவும் அவனோடு சேர்ந்துகொண்டாள். பள்ளியில் குழு வேலை கொடுத்தால் எல்லாவற்றையும் ஒருத்தி செய்வாளாம், கடைசி நாள் வந்து பேர் போட்டுக்கொள்கிறவர்களுக்கும் அதே மார்க்காம், அதைத்தான் கடவுள் சரி என்கிறாரா என்று கேட்டாள்.

நான் என்ன செய்தேன்? கடவுளுக்கு வக்காலத்து வாங்கக் கிளம்பினேன். அருள் என்றால் என்ன, கூலி என்றால் என்ன என்று முழுசாகக் கால் மணி நேரம். அவள் "சரிப்பா" என்றாள், அந்த "சரிப்பா" எப்படி இருக்கும் என்று பதின்வயதுப் பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்துப் பையன்தான் தானாகவே அந்தப் பக்கத்தைத் திறந்து, "அப்பா, அஞ்சு மணி ஆளுங்க சோம்பேறி இல்லப்பா. ஏன் சும்மா நிக்கிறீங்கன்னு கேட்டதுக்கு, எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடலைன்னு சொல்றாங்க" என்றான். அந்த வசனம் அங்கேயேதான் இருந்தது, என் கால் மணி நேரப் பிரசங்கத்தில் நான் அதைத் தொடவே இல்லை. அக்கா அதைக் கேட்டுவிட்டு "ஓ" என்று மட்டும் சொன்னாள். "சரிப்பா"வை விட அந்த "ஓ" எவ்வளவோ மேல்.

ஞாயிறு பள்ளி அண்ணன்:

நான் வேறு சபை, எங்களுக்கு வாராவாரம் குறித்த வாசகம் கிடையாது, ஆனால் பிரச்சினை ஒன்றுதான். சிறுவர் பைபிள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராகப் பேசுகிறேன். படம் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது மட்டும் போதாது. அந்தப் புத்தகங்களில் பெரும்பாலும் கதையைச் சுருக்கிக் கடைசி வரியில் ஒரு நீதியை ஒட்டிவிடுகிறார்கள், பிள்ளை நேராக அந்தக் கடைசி வரிக்குப் போய்விடும். தலையணை அங்கே தொலைந்துபோயிருக்கும்.

எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் அவர் தூங்கவில்லை, "நித்திரையாயிருந்தார்". பிள்ளைகளுக்குப் புரியாது என்று நினைத்தேன். ஆறு வயசுப் பெண் ஒருத்தி நித்திரை என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு மாசம் பார்க்கிற இடமெல்லாம் "எனக்கு நித்திரை வருது" என்று திரிந்தாள். வார்த்தை கடினம் என்று பயந்து எல்லாவற்றையும் நீர்த்துப்போகச் செய்ய வேண்டாம். முதலில் நம் வார்த்தையில் கதையைச் சொல்வது, அப்புறம் புத்தகத்தைத் திறந்து உள்ளதை உள்ளபடி வாசிப்பது, அதுதான் என் வழக்கம்.

ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போகிற ஆதியாகமம் 22 பற்றிக் கேட்டீர்கள். ஐந்து வயசுக்காரனிடம் தூங்கப் போகிற நேரத்தில் அதைச் சொல்லாதீர்கள், அது பொதுப்புத்தி. பெரியவனோடு தாண்டாதீர்கள். தாண்டினால், நமக்கே அது பயம் என்று அவனுக்குத் தெரிந்துபோகும். ஆனால் பாதியில் நிறுத்தாமல், "பையன்மேல் கை போடாதே" என்ற 12-ஆம் வசனமும் புதரில் சிக்கிய ஆட்டுக்கடாவும் வரும்வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். அந்த அதிகாரத்தில் ஈசாக்கு கேட்பது ஒரே ஒரு கேள்வி: நெருப்பு இருக்கிறது, கட்டை இருக்கிறது, ஆட்டுக்குட்டி எங்கே? என் வகுப்பில் ஒரு பையன் அந்த இடத்தில் "அவன் அப்பா ஏன் நேரா பதில் சொல்லலை?" என்று கோபமாகக் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை, என்னிடம் இல்லை. வேதத்திலேயே கடவுளிடம் கோபப்படுகிற இடங்கள் இருக்கின்றன என்று 88-ஆம் சங்கீதத்தைக் காட்டினேன், ஆறுதலே இல்லாமல் இருளில் முடிகிற சங்கீதம் அது. அவனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அந்த வயசுக்காரர்களுக்கு இப்படிக் கேட்க இடம் வேண்டும், அதைக் கொடுக்காமல் மனப்பாட வசனம் மட்டும் கேட்டால் கணக்குப் பரீட்சைக்குச் சூத்திரம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பத்து நிமிஷம்:

நீளமாக எழுத நேரமில்லை. மெழுகுவர்த்தி அணைக்கிறதைச் சின்னவனின் அதிகாரபூர்வ வேலையாக்கிவிடுங்கள், அவன் ஊதினால் கூட்டம் முடிந்தது. மொத்தம் பத்து நிமிஷம். நல்லாப் போனாலும் பத்தே நிமிஷம்தான்.

மறைக்கல்வி டீச்சர்:

அண்ணன் சொன்னதற்கு ஒரு வரி சேர்க்கிறேன். சிறுவர் திருப்பலிகளுக்கான வழிகாட்டி ஒன்று 1973-இல் ரோமிலிருந்து வந்தது. அதில் வாசகங்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், நற்செய்தியை மட்டும் எப்போதும் விடக் கூடாது, விவிலியத்தைச் சொந்த வார்த்தையில் மாற்றி எழுதி வாசிப்பதைத் தவிர்க்கவேண்டும் என்று இருக்கிறது. இன்னொன்று, சின்ன வாசகம் என்பதாலேயே அது பிள்ளைகளுக்கு ஏற்றதாகிவிடாது என்றும் சொல்கிறது. அது திருப்பலிக்கான விதி, வீட்டில் நீங்கள் கதை சொல்ல யாரும் தடை போடவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வருகிற ஞாயிறு மாற்கு 5, யாயிர் என்பவரின் வீட்டுக்குப் போய் அவருடைய இறந்துபோன மகளை இயேசு எழுப்புகிற பகுதி. நடுவில் வரும் இரத்தப்போக்குள்ள பெண்ணை விட்டுவிட்டு வாசிக்கக் குறுகிய வடிவமும் உண்டு. நீளமானதையே எடுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள். முதலாம் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா என்று வாசகங்கள் சுற்றி வருவதால் இதே புயல் மூன்று வருஷம் கழித்துத் திரும்ப வரும், சின்னவனுக்கு அப்போது 8. தேதி போட்டு அவன் கேள்வியை அவன் சொன்ன மாதிரியே எழுதி வையுங்கள், திருத்தாதீர்கள். இன்னும் ஐந்து வாரத்தில் யோவான் 6 தொடங்கி ஐந்து ஞாயிறு ஓடும், அதில்தான் வாற்கோதுமை அப்பம் வைத்திருந்த சிறுவன் வருகிறான், மற்ற மூன்று நற்செய்தியிலும் அவன் கிடையாது. அதற்கு நோட்டில் பக்கம் நிறைய விட்டு வையுங்கள்.

மூவரின் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி செய்து பார்த்தோம். முதலில் சின்னவனிடம் தலையணைக்காக மன்னிப்புக் கேட்டேன். அவன் மறந்தே போயிருந்தான், "எந்தத் தலையணை?" என்றான்.

பெரியவன் வாசித்தான், நீளமான வடிவம்தான். நான் எதுவும் விளக்கவில்லை, "நீங்கள் அங்கே யார் பக்கத்தில் நின்றிருப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தேன். இருபதும் தாண்டி முப்பத்தாறு வந்துவிட்டது, கணவர் என் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தார், பேசிவிடாதே என்று. பெண்தான் முதலில், ஆனால் பதில் இல்லை, "அந்த அம்மாவுக்கு 12 வருஷமா உடம்பு சரியில்ல, இந்தப் பொண்ணுக்கும் 12 வயசு. இவ பிறந்தப்போ அவங்களுக்கு நோய் வந்திருக்கு" என்றாள். நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் இந்த வாசகத்தை, இந்தக் கணக்கை ஒருமுறையும் போட்டதில்லை. சின்னவன் கடைசி வரியில் நின்றுவிட்டான். எழுந்த பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறாரே, என்ன கொடுத்தார்கள் என்று அவனுக்குத் தெரிந்தே ஆகணும். பொம்மையைப் படுக்க வைத்து, இயேசு சொன்ன "தலித்தா கூம்" (சிறுமியே, எழுந்திரு) சொல்லி எழுப்பி நாலு தடவை ஊட்டிவிட்டான்.

பெரியவன் ஒன்றும் சொல்லவில்லை. மெழுகுவர்த்தி அணைந்து, மற்றவர்கள் போன பிறகு விவிலியத்தை மூடிக்கொண்டே, "அவர் வழியில நின்னு அந்த அம்மாகிட்ட பேசிக்கிட்டிருந்தப்போதான் இந்தப் பொண்ணு செத்துப்போச்சுன்னு ஆள் வராங்க. பக்கத்திலேயே நிக்கிற அந்த அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்றான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். அவனும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, நோட்டை எடுத்து அதை அவனே எழுதிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான்.