எதிர்த்திசைக் காவிகள் சமாந்தரமாகுமா?

உவர்மலை மாணவி:
வணக்கம். உயர்தரத்தில் இணைந்த கணிதம் கற்கிறேன். (2, −3), (−6, 9) ஆகிய காவிகள் (பருமனும் திசையும் உடைய கணியங்கள்) எதிரெதிராகச் செல்வதால் அவை சமாந்தரமல்ல என்று தோழி உறுதியாகக் கூறுகிறாள். அது சரியா?

நிலாவெளி ஆசிரியர்:
அவை சமாந்தரமானவையே, மகள். பூச்சியக் காவியல்லாத இரு காவிகளுள் ஒன்றை மற்றதன் எண் மடங்காக எழுத முடிந்தால் அவை சமாந்தரமாகும். இங்கு முதலாவதை −3 ஆல் பெருக்கினால் இரண்டாவது கிடைக்கிறது. அம்மடங்கு நேராயின் ஒரே திசை, மறையாயின் எதிர்த்திசை, அவ்வளவுதான். நமது துறைமுகத்தில் ஒரே நேர்கோட்டுப் பாதையில் ஒரு படகு வெளியேற, இன்னொன்று உள்ளே வந்தால், அவற்றின் வேகக் காவிகள் இத்தகையவையே.

மூதூர் மாணவர்:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கூறுகளை, அதாவது அடைப்புக்குள் உள்ள எண்களை, வகுத்து விகிதம் பார்ப்பவர்கள் (0, 5), (0, −2) போன்றவற்றில் பூச்சியத்தால் வகுக்க நேர்ந்து தடுமாறுவர். ஆகவே குறுக்காகப் பெருக்குவதே பாதுகாப்பானது. உங்கள் கணக்கில் 2 × 9, (−3) × (−6) இரண்டும் 18 ஆகையால் ஐயமில்லை. முப்பரிமாணத்தில் மூன்று கூறுகளுக்கும் மடங்கு ஒன்றாயிருக்க வேண்டும்: (2, −3, 4), (−6, 9, −11) சமாந்தரமல்ல.

உவர்மலை மாணவி:
மிக்க நன்றி. க, ச, ப என்னும் புள்ளிகள் ஒரே கோட்டில் உள்ளன என்று நிறுவவும் இதுவே போதுமா?

நிலாவெளி ஆசிரியர்:
போதும், ஆனால் க இலிருந்து ச, ப ஆகியவற்றுக்குச் செல்லும் கச, கப ஆகிய காவிகள் சமாந்தரம் என்று காட்டியபின், க இரண்டுக்கும் பொதுப்புள்ளி என்பதையும் எழுத வேண்டும். பொதுப்புள்ளி இல்லையேல் அவை இரு வேறு சமாந்தரக் கோடுகளிலும் இருக்கலாம்.