தோட்டத்துக் குடும்பம் (குழு)

பிரபு, காலை 7.12
அந்தியூர் சந்தையில வாங்குன குதிரை கதவுக்கட்டையக் கவ்விக்கிட்டு ‘ஏக் ஏக்’னு காத்தை இழுக்குது. ராத்திரியெல்லாம் இதே வேலை. வீடியோ பாருங்க 👆

சித்தி, 7.20
கட்டைல வேப்பெண்ணெய் தடவி உடு கண்ணு

கவிதா, 7.41
வேண்டாங் சித்தி. அது கொழுப்பெடுத்துப் பண்றதில்ல. பிரபு, எத்தனை நேரம் கட்டியே கெடக்குது?

பிரபு
காலைல அரைமணி நேரம் ஓட்டுவேன்க்கா. மிச்ச நேரம் மாட்டுக் கட்டுத்தறிலதான். உள்ள போனா கண்ணு எரியும், மத்தபடி கொள்ளு, தவிடு ரெண்டு வேளை, ஒரு குறையும் இல்ல

கவிதா
குறையே அதுலதான். வெளிய உட்டா நாளைக்கு 16 மணி நேரம்கூட மேயற உசுரு. மாடாட்டம் அசை போடாது. வயித்துல அமிலம் எந்நேரமும் ஊறும், ஆனா அதை அடக்கற எச்சி மெல்லும்போதுதான் சுரக்கும். கொள்ளைத் தின்னு முடிச்சுட்டு வெறும் வாயோட நின்னா வயித்துல புண்ணு வரும்

கவிதா
உள்ள போனா கண்ணு எரியுதுன்னியே, அந்த மூத்திர நெடி அதோட நெஞ்சுக்கும் ஆகாது. ஈரத்தை தினம் அள்ளு

மாமா
அவுத்து உட்டா முரடாயிரும்னு சந்தைல சொன்னாங்களே

கவிதா
கட்டியே போட்டாத்தானுங் மாமா துள்ளும். பெரியப்பா, ஆடு மாடு மேயற நம்ம கொறங்காடு சும்மாதானுங்களே?

பெரியப்பா, 8.30
சும்மா எங்க இருக்குது. 20 செம்மறி மேயுது. உதைச்சு ஒண்ணு செத்தா ஆரு பொறுப்பு? வேலில கிளுவை முள்ளு வேற

கவிதா
ஒரு மூலைய மட்டும் தடுத்து உடுங்க. கூட்டமா வாழற சாதி அது. இன்னொரு குதிரை இல்லாட்டியும் ஆடாவது கண்ணுல படட்டும்

பிரபு
அங்க இருக்கற கொழுக்கட்டைப்புல்லு மட்டும் போதுமாக்கா?

கவிதா
அதுல ஒரு சிக்கல். அந்தப் புல்லுல ஆக்சலேட்னு ஒரு உப்பு இருக்குது, சுண்ணாம்புச்சத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். ஆடு மாட்டு வயித்துல அது சிதைஞ்சுரும், குதிரைக்கு அப்படியில்ல. மாசக்கணக்குல அதையே தின்னா எலும்பு வலு போயி மூஞ்சி வீங்கும். தவிடு சேந்தா இன்னும் மோசம். தவிட்டக் கொறைச்சுட்டு குதிரைமசால் வெட்டிப் போடு

சித்தி
பேர்லயே குதிரை இருக்குது, நம்ம மாட்டுக்குத்தான் போடறோம் 😄

கவிதா
பச்சைச் சோளத்தட்டு மட்டும் வேண்டாம், மூத்திரப்பை கெட்டுரும். கவ்வற பழக்கம் முழுசாப் போகும்னு சொல்ல மாட்டேன் பிரபு. கொறையும்

பெரியப்பா
மேக்கால மூலைல படல் கட்டித் தர்றேன். எடுத்தவுடனே நாள்பூரா உடலாமா?

கவிதா
மொத நாள் ஒரு மணி நேரம் போதுங். அப்பறம் கொஞ்சங் கொஞ்சமா

பிரபு
தண்ணிக்கு ட்ரம்மு நான் கொண்டாறேனுங் பெரியப்பா

பெரியப்பா
அருவாளும் கொண்டா. என்றது மழுங்கிக் கெடக்குது