டேப்பெட் செட் பண்ணிய பிறகு மிஸ் அடிக்கிறது, டிக் டிக் சத்தமும் திரும்பிவிட்டது (மோரிஸ் மைனர் 1000)

மைனர்1098

வணக்கம். அப்பா ஓட்டிய மோரிஸ் மைனர் 1000 இப்போது என் கையில் இருக்கிறது. 1098 சிசி, புஷ் ராட் எஞ்சின். சில மாதங்களாக ஐட்லிங்கில் தையல் மிஷின் மாதிரி டிக் டிக் என்று ஒரு சத்தம். பட்டறையில் காட்டினேன். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டு பிளேடுகள்) எதுவும் எடுக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, சத்தம் அடங்கும் வரை டேப்பெட் ஸ்க்ரூக்களை, அதாவது வால்வு இடைவெளியை மாற்றும் ஸ்க்ரூக்களை, ஒவ்வொன்றாக இறுக்கிக் கொடுத்தார்கள்.

வண்டி அமைதியாகத்தான் வீடு வந்தது. ஆனால் பத்து நாளில் ஐட்லிங்கில் வண்டி உதற ஆரம்பித்தது, மேட்டில் இழுவை இல்லை. சைலன்சர் முனையில் கையை வைத்தால் புஸ் புஸ் என்று சீரில்லாமல் காற்று வருகிறது. பழைய டிக் டிக்கும் லேசாகத் திரும்பிவிட்டது. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் சரியாகுமா? இல்லை, ஹெட்டை (வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பகுதி) கழற்ற வேண்டுமா?

பச்சைபானட்

முதலில் சத்தம் டேப்பெட்டுடையதுதானா என்று பாருங்கள். எனக்கு இதே சத்தம் வந்தபோது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்) கேஸ்கட் லீக் ஆகியிருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பலமாகக் கேட்கும், சூடானதும் இரும்பு விரிந்து அடங்கிவிடும். உங்களுக்கு எப்படி?

மைனர்1098

சூடானாலும் குறையவில்லை. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை டேப்பெட் கவரில் வைத்துக் கேட்டேன். பின்பக்கம், ஃபயர்வால் (எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தகடு) அருகில்தான் அதிகம்.

கைப்பிடி

தம்பி, இனி ஒரு ஸ்க்ரூவையும் இறுக்காதீர்கள். சரிசெய்யும் வரை வண்டியை எடுக்கவும் வேண்டாம்.

எக்ஸாஸ்ட் வால்வு (எரிந்த புகையை வெளியே விடுவது) தன் சூட்டின் பெரும்பகுதியை மூடியிருக்கும் நேரத்தில் சீட் (வால்வு மூடி உட்காரும் விளிம்பு) வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. இடைவெளியே இல்லாமல் இறுக்கினால் அது முழுசாக உட்காராது. மயிரிழை சந்து கிடைத்தாலும் எரிகிற வாயு அது வழியாகப் பாய்ந்து வால்வின் விளிம்பைத் தின்றுவிடும். இதில் கொடுமை என்னவென்றால், இறுகிய வால்வு சத்தமே போடாது. உங்கள் டிக் டிக் ஒரு இடத்தில் இருக்கலாம், உதறலுக்குக் காரணம் சத்தமே இல்லாத வேறொரு வால்வாக இருக்கலாம்.

கம்ப்ரஷன் (ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஏறும் அழுத்தம்) பார்த்துவிட்டு எண்களைப் போடுங்கள். நான்கு பிளக்கும் வெளியே, ஆக்சிலரேட்டர் முழுசாக மிதித்தபடி. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு பக்கம்.

மைனர்1098

அண்ணா, பார்த்துவிட்டேன். 2, 3, 4 மூன்றும் 150 பிஎஸ்ஐ ஒட்டி. முதல் சிலிண்டர் 105. ஆயில் விட்டும் 110தான். அப்படியென்றால் வால்வு எரிந்துவிட்டதா?

கைப்பிடி

அவசரப்பட வேண்டாம், இறுகி நிற்பதாலேயே இப்படிக் காட்டலாம். எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறட்டும். காலையில் நீங்களே செட் பண்ணுங்கள், ஒரு மணி நேர வேலை.

இந்த எஞ்சினுக்கு எட்டு வால்வுக்கும் ஒரே அளவுதான்: ஆறிய நிலையில் 0.012 இன்ச், அதாவது 0.30 மி.மீ. ரேடியேட்டர் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட், மற்றவை இன்லெட் (பெட்ரோல் கலவையை உள்ளே விடுபவை). இக்னிஷன் ஆஃப், பிளக்குகள் வெளியே. பம்பர் வழியாக ஸ்டார்ட்டிங் ஹேண்டில் போட்டுக் கையாலேயே சுற்றலாம், இந்த வண்டியில் அந்த வசதி இருப்பது பெரிய வரம்.

கணக்கு ஒன்பதில் இருக்கிறது. எட்டாவது வால்வு முழுக்கக் கீழே இறங்கி நிற்கும்போது ஒன்றாவதை செட் பண்ண வேண்டும். 6 இறங்கினால் 3, 4 இறங்கினால் 5, 7 இறங்கினால் 2. எப்போதும் இரண்டின் கூட்டுத்தொகை 9. அடுத்த அரைவாசிக்கு அதையே திருப்பிப் போடுங்கள்: 1 இறங்கினால் 8, 3 இறங்கினால் 6, 5 இறங்கினால் 4, 2 இறங்கினால் 7. டைமிங் மார்க் தேட வேண்டியதில்லை.

லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைத் திருப்பி, வால்வு தண்டுக்கும் ராக்கருக்கும் (வால்வை அழுத்தித் திறக்கும் கை) நடுவில் பிளேடை இழுத்துப் பாருங்கள். லேசாகப் பிடித்துக்கொண்டு, ஆனால் மடங்காமல் வர வேண்டும். அப்புறம் ஸ்க்ரூவை டிரைவரால் அசையாமல் பிடித்தபடி நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே கொஞ்சம் சுற்றும், அளவு மாறிவிடும். அதனால் இறுக்கிய பிறகு பிளேடை மறுபடி விட்டுப் பார்ப்பது கட்டாயம். பலர் தவறுவது இங்கேதான்.

மாற்றுவதற்கு முன்னால் இப்போது என்ன இடைவெளி இருக்கிறது என்று எட்டையும் எழுதி வையுங்கள். நோய் அந்தப் பட்டியலில்தான் தெரியும்.

மைனர்1098

முடித்துவிட்டேன். ஒன்றாவது வால்வில் மிக மெல்லிய பிளேடுகூட நுழையவில்லை! ராக்கரைக் கையால் ஆட்டினால் அசைவே இல்லை. மற்றவை 0.15 முதல் 0.25 மி.மீ. வரை. எட்டாவது மட்டும் சரியாக 0.30 இருந்தது. எல்லாவற்றையும் 0.30க்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தேன். உதறல் போய்விட்டது. முதல் சிலிண்டர் 140க்கு ஏறியிருக்கிறது. நிம்மதியாக இருக்கிறது அண்ணா.

ஆனால் எட்டாவதிலிருந்து டிக் டிக் அப்படியே. ஐட்லிங்கில் அந்த இடைவெளியில் பிளேடைச் செருகினால் சத்தம் மங்குகிறது. அளவு சரியாக இருந்தும் ஏன்?

பச்சைபானட்

அந்த ராக்கரின் முனையை அடிப்பக்கத்தில் நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்படுகிறதா?

மைனர்1098

ஆமாம். வால்வு தண்டின் அகலத்துக்கு ஒரு குழி. நகம் விளிம்பில் நன்றாகவே தட்டுகிறது.

கைப்பிடி

அதுதான் சங்கதி. ஃபீலர் பிளேடு அகலமானது, குழிக்குள் இறங்காமல் அதன் இரண்டு கரையிலும் பாலம் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். கேஜ் 0.30 என்று சொல்லும், உண்மையில் குழியின் ஆழமும் அதோடு சேர்ந்திருக்கும். டயல் கேஜ் இருந்தால் ராக்கர் முனையின் மேல் வைத்து, மேலும் கீழும் ஆட்டி உண்மையான ஆட்டத்தை அளக்கலாம். கடைசியில் அந்த ராக்கரை மாற்றத்தான் வேண்டும். அதுவரை சத்தத்தோடு ஓட்டலாம், ஆபத்தில்லை.

மாற்றும்போது ஒன்று கவனம்: ராக்கர் ஷாஃப்ட்டின் தாங்கிகளைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நான்கு நட்டுகள் ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவை. முதலில் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, ஹெட் நட்டுகள் எல்லாவற்றையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். நான்கை மட்டும் கழற்றினால் ஹெட் வளையலாம், கேஸ்கட்டுக்குள் தண்ணீரும் இறங்கும்.

இன்னொரு விஷயம். 500 கி.மீ. ஓடியதும் ஒன்றாவதை மறுபடி அளந்து சொல்லுங்கள். 0.30 அப்படியே இருந்தால் பட்டறையில் இறுக்கியதுதான் காரணம். இடைவெளி மறுபடி சுருங்கியிருந்தால் சீட் தேய்ந்து வால்வு ஹெட்டுக்குள் மேலேறுகிறது என்று அர்த்தம். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து வார்ப்பிரும்பு ஹெட் இது. ஈயமில்லாத இன்றைய பெட்ரோலுக்கு எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான சீட் போட்டுக்கொள்ள வேண்டி வரும்.

மைனர்1098

டேப்பெட் கவரின் கார்க் கேஸ்கட் ஓரத்தில் கசிகிறது. கவர் நட்டை இன்னும் இறுக்கலாமா?

கைப்பிடி

வேண்டாம், கவர் தகடு வளைந்துவிடும். புது கார்க் போட்டு, நட்டு ரப்பரைத் தொட்டதும் அரைச் சுற்று போதும்.