பாய்மரப் படகின் வயிற்றுக்குள் தண்ணீர் சேர்கிறது: எங்கே கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காட்பாடிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நான்கு பேர், ஒரே பள்ளியில் படித்தவர்கள். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பிறந்ததிலிருந்து மணலாகவே பார்த்த ஆறு அது. அன்று பிடித்த ஆசையில், சென்னையில் ஒருவர் விற்ற 14 அடி பழைய பைபர் பாய்மரப் படகை வாங்கினோம். எங்கள் வீட்டுக் கொட்டகையில்தான் அது இருக்கிறது. மாதம் ஒரு சனி, ஞாயிறு மினி லாரியில் ஏற்றி முட்டுக்காடு கழிமுகத்துக்குக் கொண்டு போகிறோம்.

போன சனிக்கிழமை நண்பகலில் கடற்காற்று எழுந்தது. முதல் ஒரு மணி நேரம் படகு துள்ளிக்கொண்டு போனது. பிறகு காற்று குறையவில்லை, படகுதான் கனத்துப்போனது. மறுபக்கம் திருப்பினால் அணியம் (படகின் முன்முனை) காற்றைக் கடக்க முடியாமல் பாதியில் நின்றது. கரையேற்றிப் பின்பக்க அடைப்பானைத் திருகினேன். ஒன்றரை வாளி உப்புத் தண்ணீர் கொட்டியது. மறுநாளும் அதே கதை.

மேல்தட்டையும் அடிக்கூட்டையும் தனித்தனியாக வார்த்து ஒட்டிய படகு இது. நடுவில் அடைபட்ட காற்றுதான் கவிழ்ந்தாலும் மிதக்கவைக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் சேர்ந்தால் எங்கள் உயிருக்கே உத்தரவாதம் இல்லை. கொணவட்டத்தில் வண்டிப் பட்டறை வைத்திருக்கும் நண்பன், விளிம்பு முழுக்கப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிட்டால் அடுத்த வாரமே இறக்கலாம் என்கிறான். அவன் கைவேலை மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் எங்கே கசிகிறது என்று தெரியாமல் மூடுவதற்கு மனம் ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை ரெசின்:
தம்பி, நான் ராணிப்பேட்டையில் ரசாயனத் தொட்டிகளுக்கு பைபர் லைனிங் போடுகிறவன். இருபது வருடமாகக் கசிவோடுதான் என் வாழ்க்கை. படகும் தொட்டிதான், வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே வரக்கூடாது, அவ்வளவே வேறுபாடு.

வண்டிப் பட்டி வேண்டவே வேண்டாம். அது தண்ணீரைக் குடிக்கும். காரின் கதவுக்குச் சரி, தண்ணீருக்குள் மூழ்கி நிற்கும் இடத்தில் நிற்காது.

முதலில் கசிவைக் கண்டுபிடியுங்கள். அடைப்பான் துளையில் ஒரு குழாயைச் செருகி, சைக்கிள் பம்பில் மெதுவாகக் காற்று கொடுங்கள். கம்ப்ரஸரைக் கிட்டவே கொண்டுவராதீர்கள், ஒட்டு பிளந்துவிடும். ஒருவர் காற்று கொடுக்க, இன்னொருவர் சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் தடவிக்கொண்டே வரட்டும். விளிம்பு ஒட்டு, திருகாணிகள், நடுப்பலகை (படகு பக்கவாட்டில் நகராமல் இருக்க அடியில் இறக்கும் பலகை) இறங்கும் கூடு, ஓர் அங்குலம் விடாமல் பாருங்கள். குமிழி வரும் இடத்தில் பென்சிலால் வட்டம் போடுங்கள்.

ஒட்டுவதற்கு முன் உட்புறத்தை நல்ல தண்ணீரால் நான்கைந்து முறை அலச வேண்டும். உப்பு தங்கினால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், காயவே காயாது. காய வைக்க நம் ஊரைப்போல ஓர் ஊர் கிடையாது. கடலோரத்தில் ஒரு மாதம் ஆகும் வேலை இந்த வறண்ட காற்றில் சீக்கிரம் முடியும். ஆனால் ஒட்டும் வேலையை அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே, காலை எட்டு மணிக்குள் முடியுங்கள். வெயில் ஏறினால் ரெசின் (பைபரை ஒட்டும் பிசின்) கிண்ணத்திலேயே இறுகிவிடும்.

விரிசலைச் சுற்றிப் பைபர் தகட்டின் கனத்தைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 3 மில்லிமீட்டர் கனம் என்றால் 36 மில்லிமீட்டர். அசிட்டோனால் துடையுங்கள். ரெசினில் இரண்டு வகை உண்டு, பழைய பைபர் மீது பாலியெஸ்டரைவிட எபாக்சி நன்றாகப் பிடிக்கும். எபாக்சி என்றால் நெய்த கண்ணாடித் துணியைப் பயன்படுத்துங்கள். சாதாரண மேட் (நெய்யாமல் பசையால் ஒட்டிய கண்ணாடி இழை விரிப்பு) என்றால் அதில் இருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில்தான் கரையும்.

பாலியெஸ்டரே வாங்கினால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்டையும் அதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றவே கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் அடுத்ததைச் சேர்க்க வேண்டும். முகமூடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள்.

நாகைப் பிள்ளை:
நான் நாகப்பட்டினம் பக்கம், இப்போது வேலூரில் வேலை. அண்ணன் சொன்னதில் நடுப்பலகைக் கூட்டை முதலில் பாருங்கள். கழிமுகத்தில் ஆழம் குறைவு. பலகையை முழுதாகத் தூக்காமல் மணலில் இழுத்திருந்தால், அந்த நெம்பல் முழுவதும் கூட்டின் அடி மூலையில்தான் விழும். எங்கள் அப்பா கட்டுமரத்தைக்கூடத் தொடர்ந்து தண்ணீரில் போட மாட்டார். கட்டை நீர் குடித்துக் கனத்துவிட்டால் கரையேற்றிக் காயவைத்த பிறகுதான் மறுபடி கடலுக்கு. ஒரு மாதம் காற்றை இழப்பது பெரிய நஷ்டம் இல்லை.

காட்பாடிக்காரன்:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று நால்வரும் உட்கார்ந்து செய்தோம். பம்பு அடித்தவன் கொணவட்டத்து நண்பன்தான். விளிம்பு ஒட்டு முழுவதும் சுத்தம், ஒரு குமிழி இல்லை. பட்டி பார்த்திருந்தால் கசியாத இடத்தையே மூடியிருப்போம். நடுப்பலகைக் கூட்டின் முன் மூலையில், நாகைத் தம்பி சொன்ன அதே இடத்தில், இரண்டு அங்குல நீளத்துக்கு மயிரிழை விரிசல். அதிலிருந்து நுரை பொங்கி வந்ததைப் பார்த்ததும் நண்பன் பம்பை வைத்துவிட்டு, தானே பென்சிலை எடுத்து வட்டம் போட்டான். அடைப்பானின் ரப்பர் வாஷரும் வெடித்திருக்கிறது, மாற்றிவிட்டோம்.

ஆறு முறை அலசினோம். கடைசித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரிக்கவில்லை. படகைக் கவிழ்த்து, அடைப்பானைத் திறந்து வைத்திருக்கிறோம். அடிப்பகுதியில் ஒரு சாண் அளவு பாலித்தீனை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன். இன்று காலை அதன் உட்புறத்தில் சின்னச் சின்னத் துளிகள் அரும்பியிருந்தன. தகட்டிலேயே இன்னும் ஈரம் இருக்கிறது. துளி வராத காலையில்தான் எபாக்சியைத் திறப்போம். அண்ணா, அன்று உங்களால் ஒரு மணி நேரம் காட்பாடிக்கு வர முடியுமா?

ராணிப்பேட்டை ரெசின்:
ஞாயிறு என்றால் ஆறு மணிக்கே வருகிறேன் தம்பி. கண்ணாடித் துணி வாங்காதீர்கள், என்னிடம் மிச்சம் இருக்கிறது.